வீடு கட்டுகிறவனும் வீட்டில் இருக்கிறவர்களும்

(முன்னாள் மாணவர் கூடுகை நாளில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் போன் செய்து, "டெக்னிக்கலா வேணாம், குடும்பத்தோட வர்றாங்க, எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க" என்றார். வீட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். நான் சிவில் என்ஜினீயர். பாலம் கட்டினால் யாரும் எதுவும் சொல்வதில்லை. வீடு கட்டினால் தெருவில் போகிறவர்கூட நின்று, "கிழக்குப் பக்கம் ஜன்னல் வெச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வீட்டைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத தமிழர் யாரும் இல்லை. ஆகவே இந்தத் தலைப்பில் எனக்குப் பயம் இல்லை. தூங்கமாட்டீர்கள், சண்டைக்கு வருவீர்கள்.

நான் கடலூர்க்காரன். 2005-இல் இங்கே சேர்ந்தபோது முதல் வருஷம் தினமும் பஸ்ஸில் வந்து போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் வீடுகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஓலைக்கூரை, நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, நடுநடுவே புதிதாக முளைத்த கான்கிரீட் பெட்டிகள். சிதம்பரத்தில் இறங்கினால் கீழ வீதியிலும் தெற்கு வீதியிலும் லாட்ஜுக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவே ஒன்றிரண்டு திண்ணை வீடுகள் மிச்சமிருந்தன. அப்போது எனக்கு அவை பழசாகத்தான் தெரிந்தன. புதிதாகக் கட்டத்தானே படிக்க வந்திருக்கிறோம் என்ற எண்ணம்.

இரண்டாம் வருஷம் ஹாஸ்டல். இங்கே இருக்கிற பலருக்கு அதுதான் முதல் அபார்ட்மெண்ட் வாழ்க்கை. பத்து அறைக்கு ஒரு காரிடார், காலையில் தண்ணீருக்கு வரிசை, பக்கத்து அறைக்காரன் பாட்டு, காணாமல் போன வாளி. அந்த வாளி என் வகுப்புத் தோழர் ஒருவரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு அவர் மனைவி மக்களோடு வந்திருப்பதால் பெயர் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் நாலு கதவு திறக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப இங்கே வருவேன்.

இப்போது என் கதை. இது பெருமைக் கதை இல்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடையது தாத்தா காலத்து வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையல்கட்டு, கொல்லை. நாட்டு ஓடு. பலாமரத்தில் வாசற்கதவு, பண்ருட்டி பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் தேக்குக்கு வசதி இல்லாதவர்கள் பலாதான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டில் பாதி ஓடு பறந்துவிட்டது. அப்பா அம்மா இருவரும் சமையல்கட்டு மூலையில் ஒரு பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

எனக்கு அப்போது சென்னையில் வேலை. டிகிரி வாங்கி இரண்டரை வருஷம். உலகத்தில் எனக்குத் தெரியாத கட்டடம் இல்லை என்று நினைக்கிற வயசு. "கவலைப்படாதீங்கப்பா, நான் பிளான் போடறேன்" என்றேன். போட்டேன். ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம். அது சரிதான், புயல் ஊரில் அது தேவை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. முற்றத்தையும் சேர்த்து மூடி ஹாலைப் பெரிதாக்கினேன். திண்ணை இரண்டையும் இடித்துவிட்டுச் சாய்தளம் போட்டு கார் போர்டிகோ வைத்தேன். எங்கள் வீட்டில் கார் கிடையாது. "வருங்காலத்துல வேணும்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். வீடு முழுக்கக் கண்ணாடி மாதிரி டைல்ஸ். பாத்ரூமிலும் அதே டைல்ஸ்.

முற்றத்துக்கு சென்ட்ரிங் அடிக்கிற அன்றைக்குப் புவனகிரியிலிருந்து வந்த வயசான மேஸ்திரி ஒருவர் சொன்னார்: "தம்பி, வூட்டுக்கு மூக்கை மூடறீங்களே." நான் சிரித்துக்கொண்டே, "எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சிடலாம் மேஸ்திரி" என்றேன். அவர் இன்னொன்றும் சொன்னார். "ரோடு ஒசந்துகிட்டே வருது. தரையை ஒன்றரை அடி தூக்கிடுங்க." அந்தக் காலத்தில் மூன்று படி ஏறித்தான் எங்கள் வீட்டுக்குள் போக வேண்டும். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, 2012-இல் ஒரே படிதான் மிச்சம். தரையைத் தூக்க மண்ணும் கூலியும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டேன். டைல்ஸுக்கு ஆன செலவில் பாதி. நான் டைல்ஸைத் தேர்ந்தெடுத்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடம் அப்பா, "எல்லாம் நம்ம பையன் போட்ட பிளான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

2015 நவம்பர் மழை உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. கடலூர் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. அதற்குள் எங்கள் தெருவில் இன்னொரு முறை ரோடு போட்டிருந்தார்கள். தெருத் தண்ணீர் நான் கட்டிய சாய்தளம் வழியாக, யாரோ அழைத்த விருந்தாளி மாதிரி நேராக ஹாலுக்கு வந்தது. முன்னே தடுப்பாக நின்ற திண்ணையும் இல்லை. கார் வராத போர்டிகோவுக்கு முதலில் வந்தது வெள்ளம்தான்.

சரி, இது பணத்தோடு போன நஷ்டம். அடுத்தது அப்படி இல்லை.

2019-இல் அப்பா காலமானார். அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தார். 2021-இல் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. எட்டு மணிக்குப் பூக்காரம்மா வந்து கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்து கதவைத் திறந்தார்கள். இரண்டு மணி நேரம் அம்மா கூப்பிட்டிருக்கிறார். ஒருவர் காதிலும் விழவில்லை. எப்படி விழும்? முற்றத்தை மூடியாயிற்று. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தியாயிற்று. முன்பெல்லாம் காலை ஆறு மணிக்கு எங்கள் திண்ணையில் பேப்பர் படிக்க இரண்டு பேராவது இருப்பார்கள். அந்தத் திண்ணையை இடித்தவன் நான். அந்த டைல்ஸைக் கடையில் விரலால் தட்டிப் பார்த்து, "இது போடுங்க, நல்லா பளபளன்னு இருக்கு" என்று எடுத்தவனும் நான்தான்.

இதை இந்த மேடையில் ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே 1945-இலிருந்து பொறியியல் சொல்லிக் கொடுக்கிறார்கள். பீம் விழாமல் நிற்க எவ்வளவு கம்பி வேண்டும் என்று எனக்கு ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் போட்ட பீம் எதுவும் விழவில்லை. அம்மாதான் விழுந்தார்.

ஆபரேஷன் முடிந்து அம்மாவைச் சென்னையில் என் பிளாட்டுக்கு அழைத்துப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு. எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதத்தில் அபார்ட்மெண்ட் வாழ்க்கையைப் பற்றி நான் நினைத்திருந்தது பலதும் மாறியது.

பொதுவாகச் சொல்வார்கள், "பிளாட்டுன்னா புறாக்கூண்டு, அக்கம் பக்கம் யார்னே தெரியாது" என்று. முழு உண்மை இல்லை. அம்மா வந்த மறுநாளே எதிர் பிளாட் மருமகள் ரசம் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸ் இருந்தார். வேலைக்குப் போகும் வழியில் தினமும் எட்டிப் பார்த்தார். கடலூரில் தனி வீட்டில் இரண்டு மணி நேரம் யாருக்கும் கேட்காத குரல், இங்கே ஒரு டம்ளர் கீழே விழுந்தால் "என்ன ஆச்சு மாமி" என்று கதவைத் தட்ட வைத்தது. ஹாஸ்டல் காரிடார்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. நடக்கப் பழக அம்மாவுக்கு வாக்கர் கொடுத்தார்கள். என் பிளாட் பாத்ரூம் கதவு இரண்டரை அடி. சட்டமும் கதவின் கனமும் போக மீதி இரண்டடி சொச்சம். வாக்கர் நேராக நுழையவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் திருப்பி, நான் தாங்கிப் பிடித்து... மூன்றடிக் கதவு வைத்தால் எத்தனை ரூபாய் கூடியிருக்கும்? வாங்கும்போது நான் கேட்டதெல்லாம் எத்தனை சதுர அடி, கார் பார்க்கிங் மூடியதா, ஜிம் உண்டா என்றுதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் மாடியிலேயே ஒரு பெரியவர் இறந்துபோனார். லிஃப்ட் ஆறு பேர் லிஃப்ட். நிற்கிற ஆறு பேர். படுத்திருக்கிற ஒருவருக்கு இடம் இல்லை. மாடிப்படி திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கடைசியில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேஷ்டியால் கட்டி இறக்கினோம். நானும் ஒரு கால் பிடித்தேன். ஐஸ் பெட்டியைக் கீழே பார்க்கிங்கில் இரண்டு காருக்கு நடுவில் வைத்தார்கள். ஒருவர் வந்து, "பதினோரு மணிக்கு வண்டி எடுக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வேலை இருந்தது. அந்தக் கட்டடத்தில் துக்கத்துக்கு என்று ஒரு சதுர அடி கூட யாரும் ஒதுக்கவில்லை.

அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. "என்னை ஊருக்குக் கொண்டு போயிடு தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஊருக்கு எங்கே கூட்டிப் போவது? அவரை விழ வைத்த அதே வீட்டுக்கா? அப்போதுதான் ஒரு புரொமோட்டர் வந்தார். எங்கள் வீட்டை இடித்துவிட்டு ஆறு பிளாட், அதில் எனக்கு ஒன்று, நெய்வேலியில் இருக்கும் அக்காவுக்கு ஒன்று, கையில் கொஞ்சம் ரொக்கம். நல்ல பேரம்தான். "எடுத்துக்கடா, அம்மாவுக்கும் லிஃப்ட் இருக்கும்" என்று அக்கா சொன்னார். கடலூரிலும் சிதம்பரத்திலும் இப்போது பழைய வீட்டு மனைகளில் இப்படித்தான் நாலு, ஆறு என்று பிளாட்கள் எழும்புகின்றன. உங்களில் பலருக்கும் இந்தப் பேச்சு வந்திருக்கும், அல்லது வரும். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்கிறோமே, அது வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்பு. விலை பேசுவது கார்ப்பெட் ஏரியாவை வைத்து இருக்க வேண்டும். அதாவது வெளிச்சுவர், பால்கனி போக உள்ளே நாம் பாய் விரிக்கிற இடம். கட்டுமானக் குறை ஐந்து வருஷத்துக்குள் தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமல் இருந்தாலோ, பிளாட் எட்டுக்கு மிகாமல் இருந்தாலோ அந்தச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 5,380 சதுர அடி, இரண்டேகால் கிரவுண்டு. நம்ம ஊரில் அதற்கு மேல் மனை எத்தனை பேருக்கு இருக்கிறது? சென்னையில் நூறு பிளாட் கட்டடத்தில் வாங்குகிறவருக்கு இருக்கிற கண்காணிப்பு, திருப்பாதிரிப்புலியூரில் ஆறு பிளாட்டில் வாங்குகிறவருக்கு இல்லை. ஆகவே சின்ன ஊரில், சின்னக் கட்டடத்தில், ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும். கார்ப்பெட் ஏரியாவையும் ஐந்து வருஷப் பொறுப்பையும் நாமே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று, பிரிபடாத பாகம். பத்திரத்தில் மனையில் நம் பங்கு எவ்வளவு என்று இருக்கும். முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கட்டடம் தளர்ந்துபோகும். மிஞ்சுவது அந்தப் பங்குதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022-இல் புதிதாக வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது. வாங்குகிற அன்றைக்கு யாரும் இதை நினைப்பதில்லை.

அடுத்து, பிளானைப் பார்த்தேன். கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி. ஈ.பி. மீட்டர் போர்டு பார்க்கிங் சுவரில் இடுப்பளவு உயரத்தில். 2015-இல் தண்ணீர் எங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேலே வையுங்கள் என்றேன். நடு பெட்ரூமுக்கு ஒரே ஜன்னல், அதுவும் பாத்ரூம் டக்டில் திறக்கிறது. பாத்ரூம் கதவு இரண்டேகால் அடி. லிஃப்ட் நாலு பேர். கம்பிக்குக் கவர் 20 மில்லிமீட்டர்.

அந்த 20 மில்லிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. செயலாளர் மன்னிக்க வேண்டும், இது மட்டும் டெக்னிக்கல். கடலூர் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பால்கனி அடியில், சன்ஷேடு அடியில் காரை உதிர்ந்து கம்பி பல் இளிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் ஐ.எஸ். 456 கடலோரக் காற்று நேரே படுகிற இடத்தில் 45 மில்லிமீட்டர் கவரும் எம்-30 கான்கிரீட்டும் கேட்கிறது. 20 மில்லிமீட்டர், காற்றும் உப்பும் படாத இடத்துக்கு. வீட்டுக்காரர் இதைச் சோதிக்க என்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை. தளம் போடுகிற அன்றைக்குக் காலையில் போய், கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, அல்லது கைக்குக் கிடைத்த ஜல்லியைச் சொருகியிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தால் போதும். கான்கிரீட் கலக்குகிற தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏழு திருத்தம் கேட்டேன். புரொமோட்டர் மரியாதையான மனிதர். மூன்றுக்கு ஒத்துக்கொண்டார். மீதிக்கு, "சார், இதெல்லாம் வாங்கறவங்க கேக்கறதே இல்ல. கிச்சன்ல கிரானைட், ஹால்ல ஃபால்ஸ் சீலிங், வாஸ்து. இதைத்தான் கேக்கறாங்க" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது என்னைப் பற்றித்தான்.

வாஸ்து என்றதும் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். பயப்படாதீர்கள், நான் அதைத் தாக்கப் போவதில்லை. ஒரு வாடிக்கையாளர் கழிப்பறையை மூன்று தடவை இடம் மாற்றினார். மூன்றாவது தடவை அது கிணற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூலை சரியாகிவிட்டது, தண்ணீர் கெட்டுவிட்டது. நம்பிக்கை அவரவர் விஷயம். செப்டிக் டேங்க் தண்ணீருக்குத் திசை தெரியாது, பள்ளம்தான் தெரியும். இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

"அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா" என்கிற பேச்சுக்கும் வருகிறேன். திண்ணை, முற்றம் என்று இவ்வளவு நேரம் உருகியவன் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டி அந்த வீட்டில் புகையில் சமைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். கழிப்பறை கொல்லைக் கோடியில். ராத்திரி மழையில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று எந்த ஆணும் கேட்கவில்லை. திண்ணையும் எல்லோருக்கும் திண்ணை இல்லை. யார் ஏறி உட்காரலாம், யார் தெருவிலேயே நின்று பேச வேண்டும் என்று அந்தத் தெருக்களுக்குத் தெரிந்திருந்தது. பிளாட் லிஃப்டில் பட்டனை யார் அழுத்தினாலும் வருகிறது, அந்த மட்டில் அது நல்ல மாறுதல். ஆனால் "வெஜிடேரியனுக்கு மட்டும்" என்று வாடகை போர்டு வைத்து, இடித்த திண்ணையை வேறு விதத்தில் திரும்பக் கட்டுகிறவர்களும் நம்மில் இருக்கிறோம்.

ஆகவே பழசு உயர்ந்தது, புதுசு தாழ்ந்தது என்பதல்ல என் கட்சி. புதுப் பொருளிலும் மூச்சு விடுகிற வீடு கட்டலாம். பக்கத்துப் புதுச்சேரியில் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டே விடுதி இருக்கிறது. ஆன்டனின் ரேமண்ட் வரைந்து, 1937-இல் வேலை தொடங்கி, 1940-களில் முடிந்த கட்டடம். இந்தியாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அதுவும் பல பேர் தனித்தனி அறைகளில் தங்குகிற கட்டடம்தான். ஜன்னலுக்குப் பதில் சுவர் முழுக்கத் திருப்பி வைக்கிற பலகைகள், காரிடார் பக்கம் காற்று புகுகிற தேக்குச் சறுக்குக் கதவுகள், ஏ.சி. இல்லாமல் காற்று ஓடும். கடலுக்கு அத்தனை பக்கத்தில் இத்தனை வருஷம் நிற்கிறது. படிக்கிற காலத்தில் புதுச்சேரிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். எதற்குப் போனோம் என்பதை இந்தச் சபையில் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பார்க்கப் போகவில்லை.

கடைசியில் நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. அக்காவுக்கு முதலில் வருத்தம்தான். பிறகு அவரே, "சரி, நீ உடைச்சதை நீயே ஒட்டு" என்றார். 2023-இல் அதே வீட்டில் மறுபடி வேலை ஆரம்பித்தேன். முற்றத்துக்கு மேல் நான் போட்ட தளம் நாலு பக்கமும் பீமுக்கு நடுவில் தனியாக இருந்ததால் அதை உடைத்து எடுக்க முடிந்தது. திறப்புக்குக் கம்பி வலை, அதற்கு மேலே நாலடி உயரத்தில் ஒரு கூரை. மழை வராது, சூடு வெளியே போகும், வெளிச்சம் வரும். தளத்தை 2012-இல் 11 அடி உயரத்தில் போட்டிருந்தேன். நான் செய்த ஒரே புண்ணியம் அது. அதனால் தரையை ஒன்றரை அடி தூக்க முடிந்தது. கதவு நிலைகளையெல்லாம் பெயர்த்து மேலே ஏற்றினோம். மேல்தளத்தில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்தோம். பாத்ரூமில் சொரசொரப்பான தரை, சுவரில் கைப்பிடி, மூன்றடிக் கதவு, வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். மொட்டை மாடித் தண்ணீரைத் தொட்டிக்கு விட்டோம். 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீட்டில் ஒரு குழாயை மட்டும் அதிகாரிக்குக் காட்ட வைத்திருப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். போர் தண்ணீர் உப்பாகிக்கொண்டு வருகிற ஊரில் அதைச் சாக்கடைக்கு விடுகிறோம்.

போர்டிகோவை இடித்துவிட்டுத் திண்ணை கட்டினேன். ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் வாக்கருக்குச் சாய்தளம், இந்தத் தடவை தண்ணீர் ஏறாத உயரத்தில். புவனகிரி மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவர் இல்லை. அவர் மகன்தான் வந்து வேலை செய்தார். அப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன். "அப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவாரு சார், யாரும் கேக்கமாட்டாங்க" என்றார்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். தென்பெண்ணைக் கரையில் கடலூர்க்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "இரண்டாம் படி வரைக்கும் வந்துச்சு தம்பி. மேல வரலை. எதிர் வீட்டுக்காரங்க நம்ம கூடத்துலதான் படுத்திருக்காங்க. நீ தூங்கு" என்றார். பதினைந்து வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த கம்ப்ளீஷன் சர்டிபிகேட் அதுதான்.

நண்பர்களே, முடிக்கிறேன். எல்லோரும் தனி வீட்டில் இருக்க முடியாது. நானே திங்கட்கிழமை காலை சென்னையில் நாலாவது மாடிக்குத் திரும்பிவிடுவேன். அங்கே இப்போது சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். கீழே பார்க்கிங்கில் இரண்டு கார் இடத்தைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும், நல்லதுக்கும் கெட்டதுக்கும், என்று மூன்று கூட்டமாகக் கேட்டு, நாலாவது கூட்டத்தில் ஒரு இடம் கிடைத்தது. இப்போது அங்கே நாலு பெஞ்சு கிடக்கிறது. சாயங்காலம் வயசானவர்கள் உட்காருகிறார்கள். அதைத் திண்ணை என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அதுதான்.

இந்தச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கடலூரிலும் சிதம்பரத்திலும் சிவில் படித்த நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மேஜை, நாலு நாற்காலி. வீடு கட்டுகிறவர்களும் பிளாட் வாங்குகிறவர்களும் பிளானைக் கொண்டு வரட்டும். காசு வாங்காமல் பார்த்துச் சொல்வோம். நாம் கேட்கப் போவது ஏழெட்டுக் கேள்விதான். வெள்ளம் எதுவரை வந்த இடம்? மீட்டர் அதற்கு மேலே இருக்கிறதா? ஒவ்வொரு அறைக்கும் காற்று எங்கே நுழைந்து எங்கே போகிறது? கம்பிக்கு எவ்வளவு கவர்? பாத்ரூமில் ஈரக்காலோடு நடக்க முடியுமா? வாக்கர் நுழையுமா? ஸ்ட்ரெச்சர் இறங்குமா? உள்ளே ஒருவர் விழுந்து கூப்பிட்டால் வெளியே யாருக்குக் கேட்கும்?

முதல் ஞாயிறு நான் வருகிறேன். என் வாளியை வைத்திருக்கிற நண்பரும் வர வேண்டும். அவரும் சிவில்தான்.